இம்மட்டும்

ஸ்தோத்திரக் காணிக்கை உறையில்
காரணம் எழுத விட்டிருக்கும் இடம்
என் சுண்டுவிரல் நீளம்.

போன வருஷம் சுலபமாக இருந்தது.
ஜெனிஷாவுக்கு டெங்கு இறங்கியது, எழுதினேன்.
அதற்கு முந்தின வருஷம்
கூரைத் தகரம் மாற்றினோம், எழுதினேன்.
இந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை.
சொர்ணமேரி முழங்கையால் இடிக்கிறாள்:
பை வந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம்.

முன்வரிசையில் கனடா விசா.
அதற்கும் முன்னால், மருமகனுக்கு சிங்கப்பூரில் வேலை.
ஐயர் அவற்றை வாசிக்கும்போது
சபையின் ஆமென் கொஞ்சம் உயரும்.
குறையாகச் சொல்லவில்லை.
நானும் உரக்கத்தான் சொல்வேன்.

நான் சாவிக்காரன். மாநகராட்சித் தண்ணீர்ப் பிரிவு.
விடிகாலை மூன்றே முக்காலுக்கு ஜீப்.
ஓட்டுவது காம்ப்ளே. பின்னால் நாங்கள் மூன்று பேர்,
கால்களுக்கு நடுவே ஆளுயர இரும்புச் சாவி.
சயான் கோலிவாடா, அன்டாப் ஹில், பிரதீக்ஷா நகர்.
தெருவின் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பி,
கரப்பான்கள் சிதற,
குழிக்குள் சாவியை இறக்கிச் சுற்றுவேன்.
நாற்பது சுற்றுக்கு ஒரு தெரு விழிக்கும்.
முதலில் காற்று. பிறகு ஒரு இருமல். பிறகு
யாருடைய நீலப் பீப்பாயிலோ
தண்ணீர் விழும் சத்தம்.
ஏரி வற்றும் மாதங்களில்
முப்பதோடு நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும்.
தோள் இன்னும் சுற்றப் பார்க்கும்.
இம்மட்டும் என்று அதனிடம் சொல்லுவேன்.

அந்தத் தண்ணீரை யாரும்
எந்த ஊர் என்று கேட்டதில்லை.
என்னைக் கேட்டிருக்கிறார்கள்.
பதினெட்டு வயதில், லேபர் கேம்ப் முனையில், ஐந்து பேர்.
பயத்தில் ரேஷன் கார்டு எண்ணைச் சொன்னேன்,
மராத்தியில், ஒரு இலக்கம் பிசகாமல்.
சிரித்து விட்டுவிட்டார்கள்.
அதையும் ஒரு வருஷம் எழுதியிருக்கலாம்.

தேசத்துக்காக ஜெபிப்போம் என்று ஐயர் கண்மூடும்போது
எனக்குத் தெரிவது ஒரு குழாய்.
தான்சா ஏரியில் புறப்பட்டுக்
காடும் ஊரும் தாண்டி
என் சாவி நுனிவரை வரும்
ஆள் நுழையுமளவு குழாய்.

அது புறப்படும் பக்கம் ஒருமுறை போனோம். மே மாதம்.
குழாயின் நிழலில் ஒரு பெண்
கசிவுக்கடியில் குடத்தை வைத்துக் காத்திருந்தாள்.
பின்னால் இன்னும் நாலைந்து பேர்.
ஏரிக்கரைக்காரர்கள். வீட்டில் தண்ணீர் இல்லை.
எங்கள் சீருடையைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்,
அடைக்க வந்தவர்கள் என்று நினைத்து.
அடைக்கத்தான் போயிருந்தோம்.

காம்ப்ளே கடிகாரத்தைப் பார்த்தான்.
சாப்பாட்டு நேரம் என்றான்.
மணி பத்தேகால்.
ஜீப்பை மரத்தடியில் விட்டு டப்பாவைத் திறந்தான்,
பாக்ரி, வெங்காயம், வேர்க்கடலைச் சட்னி.
எனக்குச் சொர்ணமேரியின் புளிச்சோறு.
வாழ்க்கையில் அத்தனை மெதுவாக நான் சாப்பிட்டதில்லை.
பதினொரு குடம் எண்ணினேன்.
பன்னிரண்டாவதற்கு ஒரு பெயிண்ட் டப்பா.
பிறகு எழுந்து, கை கழுவாமல்,
கசிவை அடைத்தோம்.
இதைப் பற்றிக் காம்ப்ளே என்னிடம் பேசியதே இல்லை.
பீம் ஜெயந்திக்கு எனக்கு ஜிலேபி தருவான்.
கிறிஸ்மஸுக்கு என் வீட்டு முறுக்கு.
அவ்வளவுதான் எங்கள் மார்க்க விவாதம்.

ஆண்டவரே,
அவள் குடத்தில் விழாதது என் தெருவில் விழுகிறது.
நன்றியும் மன்னியும் என்பதும் ஒரே குழாயில் வருகின்றன.
பிரித்துவிட என்னிடம் வால்வு இல்லை.
ஆனாலும் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்,
இந்த வருஷம் என் வீட்டில் யாரும் சாகவில்லை,
என் சாவி யாருடைய தெருவிலும் உடையவில்லை,
எந்த முனையிலும் யாரும் என்னை மறிக்கவில்லை,
காம்ப்ளேக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கிறது.

பை வந்துவிட்டது.
ஒரு சொல் எழுதி, நூறு ரூபாயை உள்ளே வைத்து
எச்சில் தொட்டு ஒட்டினேன்.

ஐயர் வாசிக்கிறார்:
"தேவசித்தம் குடும்பத்தார்…
இம்மட்டும்."
கண்ணாடியை ஏற்றிவிட்டு
உறையைத் திருப்பிப் பார்க்கிறார்,
மீதி பின்பக்கம் இருக்குமோ என்று.